செல்வி மறுக்கமாட்டாள்

அடையாறில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வியின் மகளுக்கு நான்தான் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தேன். அதன்பின் நான் எதைச் சொன்னாலும் செல்வி மறுத்ததில்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

பொங்கலுக்கு முன், பால்கனியை ஒட்டிய சன்ஷேடில் இறங்கிப் புறா எச்சத்தைக் கழுவச் சொன்னேன். எட்டிப் பார்த்தவளின் முகம் வெளுத்தது.

"உனுக்குச் செய்யாம வேற யாருக்குக்கா செய்யப் போறேன்?" என்றபடி இறங்கினாள்.

ஈரத்தில் கால் வழுக்கியது. பக்கெட் கீழே விழுந்து நொறுங்கிய சத்தம் கேட்டு ஓடினேன். பால்கனிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். கணவரும் நானும் இழுத்து உள்ளே சேர்ப்பதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது.

தரையில் உட்கார்ந்தபடியே அவள் சொன்னாள்: "கோச்சுக்காதக்கா, பக்கெட்டு ஒட்ஞ்சிட்ச்சி."

இப்போதெல்லாம் எதையும் கேட்கும் முன், அவள் மறுக்கக்கூடியவளாக இருந்தால் இதைக் கேட்பேனா என்று யோசிக்கிறேன். எச்சம் அங்கேயே கிடக்கிறது. கிடக்கட்டும்.