சாருக்கு டென்ஷன் ஏறாது

சேஷாத்ரி சார் போய்விட்டார். இன்று காலை, குஷாய்குடா கிரவுண்டில், ஓடிக்கொண்டிருக்கும்போதே...

பக்கத்தில் ஓடியது என் வீட்டுக்காரர். "ஒரு வார்த்தை பேசலடி. அப்படியே உக்காந்தார், சாஞ்சுட்டார்" என்றார்.

பிளான்டில் நாங்கள் மூன்று பேரும் ஒரே டெஸ்டிங் செக்‌ஷன். சார்தான் ஹெட்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ஆடிட். எல்லோரும் பதறிக்கொண்டிருந்தோம். சார் மட்டும் மணிக்கட்டை நீட்டி, "நாடி பாரும்மா" என்றார். நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

"தினம் ஓடற உடம்பு இது. பயம் வந்தா கார்ட்டிசோல்னு ஒரு டென்ஷன் ஹார்மோன் ஏறும், ஆனா சட்டுனு இறங்கிடும். டென்ஷன் நக்கோ, வேணவே வேணாம்."

இவரையும் ஓடவைத்தது சார்தான். எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்த மனுஷன், வீட்டில் சிரிக்க ஆரம்பித்தார். அதற்காக சாரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

இந்த வருடம் நாங்கள் பாஸ் பண்ணிய ஒரு லாட் சரக்கு ஃபெயிலாகி என்கொயரி வந்தது. டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து சாருடையதும் இவருடையதும்.

சார் சாயங்காலமும் ஓட ஆரம்பித்தார். டென்ஷன் ஏற ஏற ரவுண்டும் ஏறியது. இவரும் கூடவே... இரண்டு பேருக்கும் தூக்கம் போனது. சார் முகம் வற்றிப்போனது.

அல்வாலில் ஒரு டாக்டர் அவரை எச்சரித்திருக்கிறார். தூக்கமும் ஓய்வும் இல்லாமல் ஓடினால் ஓட்டமே உடம்புக்கு இன்னொரு டென்ஷன், ஏறின ஹார்மோன் இறங்காது என்று. சார் இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்.

"அப்ப கொஞ்ச நாள் நிறுத்துங்க சார்."

"ஹவ் ஹவ், சரி சரி. என்கொயரி முடியட்டும்மா, படுத்து நல்லாத் தூங்கிடறேன்."



மத்தியானம் தகனம் முடிந்து வந்தோம். சாரின் மனைவி அழவே இல்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை என்கொயரி கமிட்டி மறுபடி கூடுகிறது. இனி எல்லாக் கேள்விக்கும் இவர் ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதை டைப் பண்ணும்போது இவர் ஹாலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்னிக்கு வேணாங்க" என்றேன்.

"சும்மா இருந்தா தலைக்குள்ள என்னமோ பண்ணுதுடி. கொஞ்ச தூரம்தான்."

கேட் சத்தம் கேட்டுவிட்டது.

போய்வாருங்கள் சார். உங்கள் மேல் கோபப்படக்கூட மனசு வரவில்லை. இவரை மட்டும் விட்டுவிடுங்கள்.