செல்லத்துக்கு யார் அப்பா என்று சொன்னவர்

சித்தியவானிலிருந்து கருவாடு கொண்டுவரும் காதர் அண்ணன் சென்ற செவ்வாய்க்கிழமை மூட்டையைக்கூட இறக்காமல், தோட்டத்தில் கணக்கெழுதும் என்னிடம் வந்தார். "கிராணி, நம்ம டிரெசர் போயிட்டாருலா. காய்ச்சலாம். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார்.

தாப்பாப் பக்கத்துத் தோட்டங்களில், ஆஸ்பத்திரி டிரெசர் ஞானமுத்துவின் கையால் மருந்து குடிக்காதவர்கள் குறைவு. காய்ச்சலுக்குத் தரும் கசப்புக் கொயினாவைத் துப்பிவிட்டு அவரிடம் திட்டு வாங்கியவர்களும் உங்களில் இருப்பீர்கள். எனக்கு அவரிடம் வேறொரு கடன் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், மனித இனங்களை ஆராயும் வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் தோட்டத்தில் வந்து தங்கினார். இரும்புக் கவை ஒன்றால் தொழிலாளர்களின் தலையையும் மூக்கையும் அளப்பார். ஞானமுத்துதான் உதவியாள். தலையை வைத்தே ஒருவனுடைய சாதியைச் சொல்லிவிடலாம் என்று ஞானமுத்துவும் முதலில் என்னிடம் அடித்துப் பேசினார். பிறகு ஒரு மாலை சிரித்துக்கொண்டே வந்தார்.

"கருப்பனும் வீரனும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. ரெண்டு தலையும் ஒத்தே வரலை. கருப்பனுக்குச் சரியா வந்தது நம்ம கடைக்காரச் சீனத் தவுக்கே தலை. அளந்தா அளவுதான் தெரியும் போலருக்கு, ஆளு தெரியாது."

அந்த மழைக்காலத்தில் என் தம்பியும் அவன் மனைவியும் காய்ச்சலில் இறந்திருந்தார்கள். அவர்களுடைய சின்னஞ்சிறு மகள் செல்லம் என் வீட்டில் இருந்தாள். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை மலாயாவிலிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவது என்று எங்கள் துரை முடிவு செய்தார். அங்கே அவளுக்கு யாருமில்லை. அவள் என் பிள்ளை என்று நான் சொன்னதைத் துரை நம்பவில்லை. தலை அளக்கும் இடத்துக்கு எங்களை வரச்சொல்லி, "அப்பன் யாரு?" என்று அவளிடமே தமிழில் கேட்டார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா" என்றாள்.

"அப்பன் செத்தாச்சு. இது எப்படி அப்பன்? கிராணி பொய் சொல்லுது" என்றார் துரை. எங்கள் இருவர் தலையையும் அளந்து பார்க்கச் சொன்னார்.

ஞானமுத்து கவையைக் கீழே வைத்தார்.

"அளக்க மாட்டேன் துரை. கருப்பனும் வீரனும் ஒத்து வரலை. அவங்க ஆத்தாகிட்டப் போயி, ஒருத்தன் ஒம் மவன் இல்லைன்னு சொல்ல முடியுமா? எங்க சனத்துல அப்பாவோட அண்ணனும் அப்பாதான். பேருலயே இருக்கு. மாமன் வேற. மாமன் மகனை இந்தப் புள்ள கட்டிக்கலாம். இவர் மகன் இவளுக்கு அண்ணன்."

அதையே அந்த ஆராய்ச்சியாளருக்கு ஆங்கிலத்திலும் சொன்னார். அவர் சற்று யோசித்துவிட்டுத் துரையின் பக்கம் திரும்பினார். தூரத்துத் தீவுகளிலும் இப்படி முறை சொல்லும் மக்களைக் கண்டிருப்பதாகவும், இது பொய்யல்ல என்றும், தலையளவு தகப்பனைக் காட்டாது என்றும் சொன்னார். துரை பங்களாவுக்குப் போய்விட்டார். செல்லம் கப்பலேறவில்லை.

போனவர் ஞானமுத்துதான். சில மாதங்களில் சித்தியவான் பக்கம் ஒரு சிறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். வழியனுப்பப் போன என்னிடம், "அங்க மீன் நல்லாக் கிடைக்கும்லா" என்றார்.

இப்போது செல்லம் என்னை அப்பா என்றே கூப்பிடுகிறாள். செய்தியைச் சொன்னதும், "அவங்க நமக்கு என்ன முறைப்பா?" என்று கேட்டாள்.

"முறைன்னு ஒண்ணுமில்லைம்மா. கூட வேலை பார்த்தவர்."

"சித்தப்பான்னு வச்சுக்கிட்டா நமக்குத் தீட்டு உண்டுதானே?"

"உண்டு" என்றேன்.

இருவரும் குழாயடியில் தலைமுழுகினோம். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் விளக்கேற்றவில்லை. இப்போது எனக்கு இறந்துபோன தம்பிகள் இருவர். இருவரும் விட்டுச்சென்ற மகள் என்னோடு இருக்கிறாள்.