விளமீனின் நாக்கு

பாம்பன் கரையில் மீன் விற்கும் அந்தோணியம்மாளிடம், நான் ஓய்வுபெற்ற உணவு ஆய்வாளர் என்பதை ஊருக்கே கேட்கும்படி இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. விதிப்படி ஒரு விளமீனைச் சோதிக்கிறேன். கண் தெளிவாக இருக்கிறது, செவுள் சிவப்பாக இருக்கிறது. விதியில் இல்லாவிட்டாலும் வாயைத் திறக்கிறேன். உள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்க்கின்றன.

நான் அலறிய அலறலில், பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கூடையை விட்டு விலகுகிறார்கள்.

"ஏவாரத்தைக் கெடுக்காதீக சார், இது மீன்பேன். மனுசரை ஒண்ணும் செய்யாது." கால்கள் நெளியும் அந்த வெளுத்த பூச்சியைப் பிடுங்கிக் காக்கைக்கு எறிகிறார்.

மீனின் வாயில் நாக்கைக் காணோம்.

"நாக்கைத் தின்னுட்டு அந்த எடத்துலயே உக்காந்துக்கிரும். பூச்சியே இன்னும் உசிரோட இருந்துச்சு, மீன் பழசா இருக்குமா? இதைவிட என்ன சர்ட்டிபிகேட்டு வேணும் ஒங்களுக்கு?"

இந்தச் சோதனை எனக்குத் தெரிந்த எந்தக் கையேட்டிலும் இல்லை.

"ஆபீசர் சார், நீங்க சொல்லுங்க, வாங்கலாமா?" என்று விலகி நின்ற பெண்களில் ஒருத்தி கேட்கிறாள். அந்தோணியம்மாள் என் வாயையே பார்க்கிறார்.

என் நாக்கு இருக்கிறதா என்று பல்லால் மெல்லக் கடித்துப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு, "புது மீன்தாம்மா" என்கிறேன்.