பூஜ்யம் வரும்வரை

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் அந்த மெக்கானிக்கிடம் போய்க் கொட்டகைச் சாவியைக் கேட்டுப் பார்க்கட்டும். தரமாட்டார். நடந்தது அப்படி.

ரத்த அணுக்களை எண்ணும் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அக்கா மகன் புற்றுநோய் வார்டில் கிடந்தான். வெள்ளணு எத்தனை என்று பார்த்துத்தான் அவனுக்கு மருந்து. அந்த நேரம் பார்த்து, வார்டு மெஷினில் அணுக்கள் புகுந்து போகும் கண்ணாடிக் குழல் விரிசல் விட்டுத் தொலைத்தது. ரத்தம் ஊர்க்கோடி லேபுக்குப் போய் முடிவு வருவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். புதுக் குழல் வர மாதமாகும்.

அலைந்து திரிந்ததில், பழைய சாமான் கிடங்கு ஒன்றில் அதே மாடல் கிடைத்தது. குழலுக்காகவே வாங்கி, அக்கா புருஷனும் அவருமாகக் கொட்டகைக்குத் தூக்கி வந்தார்கள்.

ஓட்டிப் பார்க்காமல் மூடியைத் திறக்கக்கூடாது. இது அந்தத் தொழிலின் வேதம். வெறும் தண்ணீரை உறிஞ்சவிட வேண்டும். பூஜ்யம் காட்டினால் குழல் நல்ல குழல்.

பட்டனை அழுத்தினார்.

களுக்… களுக்…

திரையில் 4.2.

அத்தான் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, காலையில பிள்ளைக்கு வந்த வெள்ளணு கணக்கும் இதே நம்பர்தான்."

"பழைய அழுக்கு, அத்தான். கழுவினா போயிடும். நம்பர் ஒத்துப்போனா சொந்தமாயிடுமா?"

கழுவினார். 2.6.

அவருக்குத் திருப்தி. அழுக்கு இறங்குகிறது. ஆனால், வெளியே வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. தொட்டார். வெதுவெதுவென்றிருந்தது… உடம்புச் சூடு.

மறுபடி கழுவினார். 1.1.

களுக்… களுக்… சத்தம் மெலிந்தது. மூச்சு வாங்குவதுபோல.

மறுபடி. 0.3.

இன்னும் ஒரே ஒரு தடவை. விரல் பட்டனுக்குப் போனது.

அத்தானின் போன் அடித்தது.

அக்கா.

பையன் நினைவில்லாமல் விழுந்துவிட்டான். உதடெல்லாம் வெளுத்துப் போச்சாம்.

மெக்கானிக் விரலை எடுத்தார்.

பிளக்கைப் பிடுங்கினார்.

பையன் பிழைத்தான். விழுந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தின் முடிவு ராத்திரிதான் வந்தது. 0.3. எப்படி இப்படிச் சரிந்தது என்று டாக்டருக்கே புரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஏறியது.

இரண்டு நாள் கழித்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூடியைத் திறந்தார். குழல் இருக்க வேண்டிய இடத்தில் சிலந்திக்கூடு. துருப்பிடித்த நான்கு திருகாணித் துளைகள். கிடங்குக்காரருக்குப் போன் போட்டார்.

"குழலா? அதைக் கழட்டி வித்து மூணு வருஷமாச்சுங்க. உதிரிக்குன்னு கேட்டீங்க, கொடுத்தேன். வெறும் கூடுதானே அது."

வார்டுக்கு வேறெங்கோ குழல் கிடைத்தது. இந்த மெஷினை மட்டும் அவர் விற்கவில்லை. உடைக்கவும் பயம். இடத்தை அடைக்கிறதென்று வீட்டில் திட்டு.

வாங்குகிறவன் முதலில் என்ன செய்வான்?

ஓட்டிப் பார்ப்பான். பூஜ்யம் வரும்வரை கழுவுவான்.