குண்டு யார் வாயில்?

பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அங்கே தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தை மூடிவிட்டு, அந்த இடத்தில் அட்டைப்பெட்டி அடுக்கப்போவதாக மேனேஜர் ஒருநாள் தையல்காரப் பெண்களைத் தன் அறைக்கு அழைத்துச் சொன்னார். "வீ ஆல் ஹேவ் டு பைட் த புல்லட்" என்று முடித்துவிட்டு, தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்தார்.

"நாம எல்லாரும் குண்டைக் கடிக்கணுமாம்" என்றேன்.

இடுப்பில் பிள்ளையோடு நின்ற செல்வி, "துப்பாக்கிக் குண்டையா? அதை எதுக்குக்கா கடிக்கணும்?" என்றாள்.

மயக்க மருந்து இல்லாத காலத்தில், காயம்பட்ட சிப்பாயின் காலை அறுக்கும்போது, வலியைப் பொறுத்துக்கொள்ள அவன் வாயில் ஒரு குண்டைக் கொடுப்பார்களாம். கஷ்டத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளணும் என்கிற இந்தப் பேச்சு அதிலிருந்துதான் வந்தது என்பார்கள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அறுத்தவன் என்றைக்காவது குண்டைக் கடித்திருக்கிறானா?

"சார், கத்தி உங்க கையில இருக்கு. குண்டு இவங்க வாயில. இதுல ‘நாம எல்லாரும்’ எங்கேர்ந்து வந்துச்சு?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன்.

"அது சும்மா ஒரு எக்ஸ்பிரஷன் மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று சிரித்தார்.

அந்தக் கன்னடத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. செல்வி பிள்ளையை அவர் மேஜைமேல் உட்காரவைத்தாள். "நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் மெஷினுக்குப் போனாள். அடுத்தவளும் தன் பிள்ளையை இறக்கினாள்.

அன்று காப்பகத்துக்குள் ஒரு பெட்டியும் போகவில்லை. இப்போதெல்லாம் யாராவது "நாம எல்லாரும்" என்று ஆரம்பித்தால், நான் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.