மூக்கு போன முகம்

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஆலோசகர் வேலையில் கறையானையும் ஈரத்தையும் சமாளித்துவிடலாம், வீட்டுக்காரர்களைத்தான் முடியாது என்பது, என்னைப்போல் ஏணியும் டார்ச்சுமாய் அலையும் உங்களுக்குத் தெரிந்ததே.

மீசை

மெல்பர்ன் கார்ல்டனில் ஒட்டிக் கட்டிய இரண்டு மாடிவீடுகள். இத்தாலிய மறுமலர்ச்சிக் கால மாளிகைகளைப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியவை. இரண்டின் வாசல் வளைவிலும் ஒரே அச்சில் வார்த்த தாடிக்காரர் முகம். ஒரு வீட்டை, நகரின் ஓரத்திலுள்ள கிரான்பர்னிலிருந்து வந்த சிவம் அங்கிளும் ராணி அன்ரியும் வாங்கியிருந்தார்கள். கூரை ஒழுக்கைப் பார்க்கப் போனவன் கேட்டிலேயே நின்றுவிட்டேன். தாடிக்காரருக்குக் கறுப்பு மீசை, பிதுங்கிய வெள்ளைக் கண், சிவப்பு நாக்கு.

அன்ரி விளக்கினார்: "கண்ணூறு படாமல் பூசணிக்காயில முகம் கீறிக் கட்டத்தான் நினைச்சனாங்கள். பிறகு பார்த்தால், ஆள் ஏற்கெனவே வாசலில நிக்கிறார்."

தண்ணீர்

இந்தப் பெயின்ட் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சுக்குள் அடைத்துவிடும், ஒருநாள் முகமே பெயர்ந்து யார் தலையிலாவது விழும் என்றேன். ஆள் அனுப்பி மெதுவாக எடுக்கிறேன், அதுவரை தொடாதீர்கள் என்றும் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார் அங்கிள்.

அடுத்த வாரம் போனபோது அவர் ஏணியில் நின்றார். கையில் கார் கழுவுகிற பிரஷர் மெஷின். பெயின்ட் போயிருந்தது. முகத்தின் நடுவில் ஒரு குழி.

"மூக்கு மட்டுந்தான் போனது, தம்பி. ஆள் இருக்கிறார்."

பின்வாசல்

அதன்பிறகு அன்ரி முன்வாசலை மிதிக்கவில்லை. பின்னமான உருவத்தின் கீழே நடக்கக் கூடாதாம். கழற்றிவிடும்படி ஐயர் சொல்லிவிட்டாராம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் கழற்றச் சட்டம் விடாது. குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்சந்து வழியாகவே கோயிலுக்குப் போய்வந்தார்.

அங்கிள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வீட்டை வித்துப்போட்டுத் திரும்பக் கிரான்பர்னுக்கே போவம் எண்டுறா. கலியாணம் கட்டின நாளில இருந்து அவ ஆசைப்பட்ட மாதிரி வீடு, தம்பி."

கண்ணாடி

பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தார். அவருடைய தாடிக்காரரின் மூக்கில் அச்செடுத்து, சுண்ணாம்பில் வார்த்து ஒட்டினோம். சாரத்தை இறக்கியதும் அன்ரி பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து நடைபாதையில் நின்றார். புது உருவத்துக்குக் கண் திறக்க வேண்டும் என்று கைப்பையைத் திறந்தார். நான் தடுக்க ஓரடி முன்னே வைத்தேன். உள்ளிருந்து வந்தது ஒரு சின்னக் கண்ணாடி. கோயிலில் புதுச் சிலைக்குக் கண் திறக்கும்போது காட்டுவதுபோல் அதைத் தாடிக்காரரின் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டிவிட்டு, வளைவின் கீழே நடந்து முன்வாசலால் உள்ளே போனார்.

போகிற போக்கில் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ தம்பி, பெயின்ட் கொண்டுவரேல்லை. அவரும் தன்ர மூக்கை ஒருக்காப் பார்க்கட்டும்."

மழையிலிருந்து கட்டடத்தைக் காப்பாற்றும் முறைகளைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். பக்தியிலிருந்து காப்பாற்றும் முறையை இனித்தான் யாராவது கண்டுபிடிக்க வேண்டும்.