அடுத்த வாரம் அம்மாவுக்கு என்ன ஷிஃப்ட்டு?

கம்பெனி பஸ்ஸோட டீசல் வாடை... கூடவே அம்மாவோட ஈரத்தலை. விடியறதுக்கு முன்னாடி குனிஞ்சு என்னை எழுப்பும்போது அந்த ஈர முடி கன்னத்துல படும். "முத்து எந்திரிச்சா பாலைக் காய்ச்சிக் குடு. கதவைத் தொறந்து போட்டுறாத." அவ்வளவுதான், ஓடிருவாங்க.

நான் அப்போ ஏழாவது. தம்பி முத்துவுக்கு ரெண்டு வயசு. சங்கரன்கோவில் பக்கம் இருந்து பிழைப்புக்கு வந்து, கம்பெனிங்க நிறைஞ்ச வல்லம் வடகால்ல வரிசையா ஆறு ரூம் இருந்த ஒரு லைன் வீட்டுல குடியிருந்தோம்.

அம்மாவுக்கு காலை ஷிஃப்ட் வர்ற வாரம் அப்பாவுக்கு நைட். ஓ.டி. முடிச்சு அப்பா வந்து முத்துவை வாங்கிக்கும்போது, ஸ்கூல்ல ரெண்டாவது பீரியட் ஓடிட்டிருக்கும். நான் மூச்சிரைக்க ஓடுவேன். கேட்லயே நிறுத்தி, "போய் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிருவாங்க.

யாரைக் கூட்டிட்டுப் போறது? ஒருத்தர் வேலையில, ஒருத்தர் அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கத்துல.

வீட்டுக்குத் திரும்பிப் போனா அப்பா முழிச்சுக்குவாரு. விஷயம் தெரிஞ்சா அம்மா வேலையை விட்டுருவாங்களோன்னு வேற பயம். அதனால சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாப்லயே உக்காந்திருப்பேன். மத்தியானச் சோறும் கிடையாது. அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறும், ஒழுங்கா ஸ்கூலுக்குப் போயிருவேன்.

யாரோ பாத்துட்டு அப்பாகிட்ட வத்தி வெச்சுட்டாங்க. "உம் பொண்ணு ஸ்கூல் நேரத்துல பஸ் ஸ்டாப்புல நிக்குது..."

அப்பா என்னை அடிக்கல. திட்டவும் இல்ல. என் துணியை எடுத்து ஒரு பையில வெச்சாரு. ஞாயித்துக்கிழமை ஊர்ல அத்தை வீட்டுக்கு அனுப்பப் போறாருன்னு புரிஞ்சுது. அங்க போனா ஸ்கூலெல்லாம் கிடையாது, தீப்பெட்டி வேலைதான்.

அந்த நேரத்துலதான் ஜெயந்தி அக்கா வந்தாங்க. படிப்பு நின்னு போற மாதிரி இருக்கிற பிள்ளைங்களை முன்கூட்டியே கவனிக்கிறதுதான் அவங்க வேலை. ஊர் வல்லக்கோட்டை. 'ஒரு வாரம் வர்றா, ஒரு வாரம் வரமாட்டேங்கிறா'ன்னு டீச்சர் சொன்னதை வெச்சு, என்னைத் தேடி பஸ் ஸ்டாப்புக்கே வந்துட்டாங்க.

ஏன் ஸ்கூலுக்கு வரலன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. அவங்க பக்கத்துல உக்காந்து கேட்டது வேற.

"அடுத்த வாரம் உங்கம்மாவுக்கு இன்னா ஷிஃப்ட்டு?"

அழுதுட்டேன்... நிறுத்தவே முடியல.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தாங்க. பை வாசல்லயே இருந்துச்சு.

"நாலு பேரு நாலு விதமா பேசுதாங்க தாயி. படிச்சது போதும், ஊர்ல விட்டுட்டு வந்திருதேன்" - அப்பா.

"அது ஊர் சுத்தலண்ணா. நீங்க தூங்கணும்னு வெளியில குந்திகினு கீது" - ஜெயந்தி அக்கா.

அம்மா என்னை இழுத்து மடியில போட்டுக்கிட்டாங்க.

அக்கா அதோட விடல. ஆறு ரூம் கதவையும் தட்டி, எல்லா அம்மாக்களையும் தண்ணிக் குழாய்கிட்ட உக்கார வெச்சாங்க. யாருக்கு எந்த வாரம் என்ன ஷிஃப்ட்டுன்னு கேட்டாங்க. ஒரே சுவர்தான்... ஆனா ஒருத்தர் முழிச்சிருக்கும்போது இன்னொருத்தர் தூங்குவாங்க. அதனால பக்கத்து ரூம் ஆளோட பேரே பாதிப் பேருக்குத் தெரியாது!

பக்கத்து ரூம் வடக்குப்பட்டு மல்லிகா அக்கா வாயில கைய வெச்சுக்கிட்டாங்க. "செவுத்துக்கு அந்தாண்ட புள்ள அழுவுற சத்தம் கேக்கும்மா. அம்மாக்காரி உள்ளதான் கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

எங்க அம்மாவுக்குக் காலைன்னா அவங்களுக்கு மத்தியான ஷிஃப்ட். அந்த வாரமெல்லாம் முத்து காலைல அவங்க இடுப்புல. நான் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல. பையிலிருந்த துணியை அப்பாவே எடுத்து கொடியில போட்டாரு.

இப்போ அந்த லைன் வீடு இல்ல. அங்க லாரிங்க நிக்குது. ஜெயந்தி அக்கா எங்க இருக்காங்கன்னும் தெரியல, ரொம்பத் தேடிட்டேன். நான் ஒரகடத்துல ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கேன். செக்யூரிட்டி, கேமரா எல்லாம் இருக்கு. பக்கத்துல யாருன்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

போன வாரம் காலைல சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுகை. ரொம்ப நேரமா... போய் பெல் அடிச்சேன். சங்கிலி மாட்டின கதவிடுக்குல ஒரு பொண்ணு. ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டிருந்தா. இடுப்புல குழந்தை.

"அம்மா குளிக்கிறாங்க"ன்னா. சொல்லிக் குடுத்த பதில்னு பாத்ததுமே தெரிஞ்சுது.

"அம்மாவுக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்ட்டும்மா?"ன்னு கேட்டேன்.

குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாத்திக்கிட்டா. அப்புறம் சங்கிலியைக் கழட்டினா.